காற்று போனால் பிடிக்கும் பிரேக்

2021 நவம்பர் 12, விடிவதற்கு முன்பு. கண்ணூரிலிருந்து யஷ்வந்த்பூர் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில்மீது தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே மலையிலிருந்து பாறைகள் விழுந்தன. 7 பெட்டிகள் தடம் புரண்டன. உள்ளே இருந்த 2,348 பயணிகளும் உயிர் தப்பினார்கள்.

தருமபுரி கல்லூரி மாணவி ஒருவர் அதைப் பற்றிக் கேட்டார்: "இந்த மாதிரி நேரத்தில் பிரேக் குழாயே அறுந்துவிட்டால் வண்டி எப்படி நிற்கும்?"

அருமையான கேள்வி. ஓமலூரிலிருந்து வரும் ரயிலுக்கு அந்த இடம் ஏற்றம். அங்கே இணைப்பு விட்டுப்போனால் பின்பெட்டிகள் தொப்பூரை நோக்கி உருளத் தொடங்கும்.

காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் செய்த முதல் காற்று பிரேக்கும் அப்படித்தான் இருந்தது. குழாய் அறுந்தால் காற்று போய்விடும், பிரேக்கும் போய்விடும். சில ஆண்டுகளில் அவரே அதைத் தலைகீழாக மாற்றினார். அந்தத் தலைகீழ் மாற்றத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இன்று நம் ரயில்களில் என்ஜினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஓடும் பிரேக் குழாயில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று எப்போதும் நிற்கிறது. அது நிற்கும்வரை சக்கரம் தாராளமாகச் சுற்றும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் தனியாக ஒரு காற்றுத் தொட்டி, பக்கத்தில் ஒரு வால்வு. குழாயில் அழுத்தம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அந்த வால்வின் வேலை. குறைந்தால் போதும், தொட்டிக் காற்றை பிரேக் சிலிண்டருக்குத் திறந்துவிடும். கட்டைகள் சக்கரத்தை இறுக்கும். லோகோ பைலட் பிரேக் போடுவதும், நாம் அபாயச் சங்கிலியை இழுப்பதும், குழாய் அறுந்துபோவதும் வால்வுக்கு ஒன்றுதான்: அழுத்தம் குறைந்துவிட்டது. அறுந்து தனியான பெட்டிக்கு என்ஜினின் உதவி வேண்டாம். தன் தொட்டியில் உள்ள காற்றிலேயே அது நின்றுவிடும்.

ஒரு குறை உண்டு. அழுத்தம் குறைந்த சேதி குழாய்க்குள் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போக முடியாது. நீண்ட சரக்கு ரயிலில் கடைசி வேகனுக்கு அது போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும்.

அன்று பயணிகள் பிழைத்தது சாமி புண்ணியம் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பாறை விழுவதை பிரேக்கால் தடுக்க முடியாது. அதற்குச் சரிவில் வலை கட்ட வேண்டும், தளர்ந்த பாறைகளை முன்கூட்டியே அகற்ற வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். 2021-22-இல் இந்திய ரயில்வே 100 ரூபாய் சம்பாதிக்க 107 ரூபாய் 39 காசு செலவழித்தது. இப்படிக் கை கடிக்கும் வருடத்திலும் மலைச்சரிவுக்கான பணத்தில் கைவைக்கவே கூடாது என்பது என் கருத்து. ரயில்வேயின் ஆண்டுக் கணக்கு வந்தால், புது ரயில்களின் பட்டியலைவிடப் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.