இசைத்தட்டில் இருப்பது மட்டும்தான் ஜாஸா?

கல்லூரி வகுப்பில் ஆரம்பகால ஜாஸ் வரலாறு நடத்தும்போது ஆண்டுதோறும் இந்தக் கேள்வி வந்துவிடும்: "முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917-ல் வந்தது. அப்படியென்றால் ஜாஸ் பிறந்ததும் அப்போதுதானே?"

அந்தத் தட்டுக்காக நியூயார்க்கில் விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வாசித்தது ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற குழு. அமெரிக்காவின் தெற்கிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து வந்த ஐந்து வெள்ளையர்கள். ஆனால் அந்த ஊரின் கறுப்பினக் கலைஞர்கள் அதற்கு முன்பே பல ஆண்டுகளாக வளர்த்த இசை அது. அவர்களில் ஒருவரான பட்டி போல்டன் 1900 வாக்கில் தன் கார்னெட்டால் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) நியூ ஆர்லியன்ஸையே ஆட்டிவைத்தவர். 1907-ல் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார், 1931-ல் இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு நொடிகூட நம் கைக்கு வரவில்லை. தட்டை மட்டும் நம்பி வரலாறு எழுதினால் போல்டன் என்று ஒருவர் இருந்ததே தெரியாது.

சரி, கிடைத்த தட்டுகளையாவது நம்பலாமா? 1923-ல் இண்டியானாவின் ரிச்மண்ட் நகரில், ஜென்னட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக, சிகாகோவில் வாசித்துவந்த நியூ ஆர்லியன்ஸ்காரர் கிங் ஆலிவரின் குழு வாசித்ததைப் போட்டுக் காட்டுவேன். ஒரு மாணவி கவனமாகக் கேட்டுவிட்டு, "ட்ரம்ஸே காணோமே, புரொஃபசர்!" என்றாள். அதைத்தான் கவனிக்க வேண்டும். மைக் வராத காலம். எல்லோரும் பெரிய கூம்பின் முன்னால் நின்று வாசிப்பார்கள். அந்த அதிர்விலேயே ஊசி அசைந்து மெழுகில் கோடு கீறும். பெரிய ட்ரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் குழுவின் ட்ரம்மர் பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். மேடையில் பேஸ் வாசிக்கும் பில் ஜான்சன் கையில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் கொள்ளும். சிகாகோ நடன அரங்கில் ஆடுபவர்கள் ஓயும்வரை நீண்ட இசையைத்தான் இப்படி நறுக்கி வைத்திருக்கிறார்கள்.

  

தட்டுகள் சொல்லாததைக் கலைஞர்களின் பேச்சில் தேடலாம். நியூ ஆர்லியன்ஸில் உள்ள டியூலேன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆவணக் காப்பகத்தில் அப்படிப்பட்ட நேர்காணல்கள் நிறைய இருக்கின்றன. அங்கும் உஷார் தேவை. நியூ ஆர்லியன்ஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன், 1902-ல் ஜாஸைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று அடித்துச் சொன்னவர்! ஆனால் 1938-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பேசியபடியே அவர் பியானோ வாசித்த பதிவுகளை நான் விடுவதில்லை. ஒரே ராக்டைம் (ஜாஸுக்கு முந்தைய பியானோ இசை வகை) உருப்படியை முதலில் செயின்ட் லூயிஸ் பாணியிலும், அப்புறம் தன் ஊர்ப் பாணியிலும் வாசித்துக் காட்டுகிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிவரச் சொல்வதுதான் என் வகுப்பின் முதல் வீட்டுப்பாடம்.