கானாவில் தங்கம் மலிவு இல்லை: துபாயில் தங்கம் உரைத்துப் பார்ப்பவனின் வேண்டுகோள்

சென்ற வாரம் வியாழக்கிழமை மதியம், பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒருவர் வந்தார். முதுகில் ஒரு பை, பைக்குள் துண்டு, துண்டுக்குள் சுற்றி வைத்த மஞ்சள் கட்டி. "அண்ணே, நீங்க தமிழ்னு சொன்னாங்க. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் வண்டியோடு கானா போய், குமாசிப் பக்கம் ஐந்து வருஷம் கிணறு போட்டவர். ஊரும் ஆட்களும் நன்றாகத் தெரிந்தவர்.

கட்டியைக் கையில் வாங்கியதுமே எனக்கு வயிறு கலங்கியது. தராசில் 1,010 கிராம் காட்டியது. ஆனால் பார்வைக்கு ஒரு குளியல் சோப்பு அளவு இருந்தது. ஒரு கிலோ தங்கம் அத்தனை பெரிதாக இருக்காது, உங்கள் கைப்பேசியைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். தங்கத்தின் சுத்தம் பார்க்கும் மிஷினில் வைத்தால் 93.4 மாற்று, அதாவது நூற்றுக்கு 93.4 பங்கு தங்கம் என்று காட்டியது. அவர் முகம் மலர்ந்தது. அந்த மிஷின் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அளவுக் குவளையில் 200 மில்லி தண்ணீர் ஊற்றி, கட்டியை நூலில் கட்டி இறக்கினேன். தண்ணீர் 319-க்கு ஏறியது. உண்மையிலேயே 93 மாற்று என்றால் 260-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ஓரத்தில் உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். முலாம் பிளந்து உள்ளே பித்தளை தெரிந்தது.

"என் கண்ணு முன்னாடிதான்ணே உருக்குனாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊரில் நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய பணம்.

துபாயின் தேராப் பகுதியில் பத்தொன்பது வருஷமாக இதே வேலை செய்கிறேன். இந்த வருஷம் மட்டும் இப்படி வந்தவர்களில் இவர் ஏழாவது ஆள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏழு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "அங்க மலிவா கிடைக்குதுண்ணே." எல்லாக் கெடுதலுக்கும் வேர் இந்த ஒரு நினைப்புதான். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தக்காளி ஒட்டன்சத்திரத்தில் மலிவு, சென்னையில் விலை. ஏன்? அழுகும் பொருள், லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி. விளைகிற இடத்தில் மலிவு என்பது அந்த மாதிரிப் பொருளுக்குச் சரி. தங்கம் அழுகாது. ஒரு கிலோவைச் சட்டைப் பைக்குள் போடலாம். கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து துபாய்க்கு விமானத்தில் ஏறினால் சுமார் எட்டு மணி நேரம். கொண்டுவரும் செலவு அதன் மதிப்பில் ஒரு சிறு துளி. அப்படியிருக்க, இங்கே நூறு ரூபாய்க்குப் போகும் பொருளை அங்கே ஒருவன் உங்களுக்கு எண்பத்தைந்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அவனுக்குப் பக்கத்துத் தெருவிலேயே முழு விலைக்கு வாங்க ஆள் இருக்கிறதே!

"அவங்களுக்கு உலக விலை தெரியாது" என்பார்கள். கானாவின் தார்க்வா பக்கத்தில் சேற்றில் இறங்கித் தங்கம் அலசுகிறவனுக்கும் இன்றைய விலை தெரியும். அவன் கைப்பேசியிலும் அது வருகிறது. அங்கே சின்ன வியாபாரிகள் தங்கத்தைப் பவுண்ட் கணக்கில் பேசுவார்கள். அந்தப் பவுண்ட் 7.75 கிராம், கிட்டத்தட்ட நம் பவுன் மாதிரி. ஒரு பவுண்டுக்கு இன்று என்ன விலை என்று அரசே தினம் அறிவிக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தங்கம் எடுக்கிற நாடு அது. 1957 மார்ச் 6-ல் சுதந்திரம் வாங்கும் வரை அதன் பெயரே கோல்ட் கோஸ்ட். அந்த மக்களுக்குத் தங்கத்தின் விலை தெரியாது என்று நினைப்பது அறியாமை மட்டுமல்ல, அவர்களுக்குச் செய்கிற அவமரியாதையும் கூட.

இன்னொன்றும் சொல்கிறேன். கானாவின் பணமான செடியின் மதிப்பு சரிந்த காலங்களில், அதை எப்படியாவது டாலராக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் உலக விலைக்கு மேலேயே கொடுத்துத் தங்கம் வாங்கியிருக்கிறார்கள். மலிவு என்பது போய், உலக விலைக்கு மேலே கொடுக்க வேண்டிய நிலை. தோண்டுகிற ஏழைக்குக் குறைந்த விலை கிடைப்பது உண்மைதான். மோட்டாருக்கும் டீசலுக்கும் முன்பணம் கொடுத்த முதலாளி அவனிடம் குறைத்து எடுத்துக்கொள்வான். ஆனால் அந்த லாபம் அந்த முதலாளியோடு நின்றுவிடும், ஊருக்குப் புதிதாக வந்து ஹோட்டலில் தங்கியிருக்கும் உங்களிடம் வந்து சேராது.

சுத்திகரிப்பு ஆலைகள் தங்கம் வாங்கும்போது உலக விலையில் பிடிக்கிற பிடித்தம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். நாங்கள் அந்தக் கால் சதவீதத்துக்கும் அரைச் சதவீதத்துக்கும்தான் நாள் முழுக்கப் பேரம் பேசுகிறோம். பத்து, பதினைந்து சதவீதத் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் எதையும் சோதிக்க வேண்டியதில்லை. அந்தத் தள்ளுபடியே போதும் சாட்சி.

சரி, கானாவுக்கும் அமீரகத்துக்கும் இடையே உண்மையான தங்க வியாபாரம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. ஆப்பிரிக்காவிலேயே அதிகமாகத் தங்கம் எடுக்கிற நாடு கானா. ஓபுவாசி, தார்க்வா மாதிரிப் பெரிய சுரங்கங்களின் தங்கம் ஒப்பந்தப்படி பெரிய சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போய்விடும். சிறு சுரங்கக்காரர்கள் எடுக்கும் தங்கத்தில் பெரும்பகுதி வெகு காலமாக துபாய்க்குத்தான் வருகிறது. இங்கிருந்து அங்கே போன், வண்டி, உதிரி பாகம் என்று போகும், அங்கிருந்து இங்கே தங்கம் வரும். கணக்கில் வந்ததும் உண்டு, வராமல் போனதும் நிறைய. உரிமமில்லாத சுரங்க வேலைக்கு அங்கே கலாம்சே என்று பெயர். தோண்டிய சேறும் பாதரசமும் கலந்து பிரா, அன்கோப்ரா ஆறுகள் செம்மண் குழம்பு நிறத்தில் ஓடுகின்றன. என் மேசைக்கு வரும் கட்டியில் எது எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று என்னால் உரசிச் சொல்ல முடியாது. காகிதம்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காகிதம் இப்போது மாறிவிட்டது. கானா 2025 ஏப்ரலில் தங்க வாரியச் சட்டத்தைக் கொண்டுவந்தது, சட்ட எண் 1140. அந்த வாரியத்தைச் சுருக்கமாக கோல்ட்போட் என்கிறார்கள். சிறு சுரங்கத் தங்கத்தைச் சோதிப்பதும் ஏற்றுமதி செய்வதும் இனி அதன் பொறுப்பு. 2025 ஏப்ரல் 30-க்குப் பிறகு வெளிநாட்டவர் யாரும் உள்ளூர்ச் சந்தையில் தங்கம் வாங்கவோ விற்கவோ கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். வெளிநாட்டவருக்கு வேண்டுமென்றால் வாரியத்திடமே விண்ணப்பித்து வாங்கலாம். அவ்வளவுதான் வழி. ஆகவே "கிராமத் தலைவர் கொடுத்த தங்கம்", "என் மாமாவின் சுரங்கம்" என்று ஒருவர் ஹோட்டல் அறையில் காட்டுவது பொய்யாக இருந்தால் நீங்கள் ஏமாளி, நிஜமாக இருந்தால் நீங்கள் குற்றவாளி. இரண்டில் எது உங்களுக்கு வேண்டும்?

இந்த ஊரிலும் பழைய காலம் இல்லை. 2022 மார்ச்சில் அமீரகம் சர்வதேச நிதிக் கண்காணிப்பு அமைப்பின் சாம்பல் பட்டியலில், அதாவது கறுப்புப் பணத்தைத் தடுப்பதில் குறையுள்ள நாடுகளின் பட்டியலில் விழுந்தது, 2024 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. நடுவில், 2023 ஜனவரியிலிருந்து, தங்கம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்த பிறகே ஆலைகள் வாங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. விமானத்தில் வருகிறவர் 60,000 திர்ஹத்துக்கு மேல் பணமோ தங்கமோ கொண்டுவந்தால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு வந்து நேராக ஆலைக் கதவைத் தட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள்.

திருச்செங்கோட்டுக்காரரிடம் "அக்ரா ஏர்போர்ட்டில் இதை எப்படி விட்டார்கள்?" என்று கேட்டேன். "அவங்க ஆளு உள்ள இருந்தாருண்ணே, அவரே கூட வந்து அனுப்பி வச்சாரு" என்றார். அதை ஒரு உதவி என்று நம்பியிருக்கிறார். தம்பி, பித்தளை என்பதால்தான் அத்தனை சுலபமாக விட்டார்கள்.

கண் முன்னால் உருக்கியதும் உண்மைதான். முதல் நாள் உருக்கியது நிஜத் தங்கம். ஆறவைக்கும்போதோ, பெட்டியில் பூட்டும்போதோ, இரவு "பாதுகாப்பு அறையில்" வைத்தபோதோ கட்டி மாறியிருக்கும். ஏழு பேரில் நான்கு பேருக்கு இப்படித்தான். மற்ற மூன்று பேருக்குக் கட்டியே வரவில்லை. பெட்டி கிளம்பிவிட்டது என்று சொல்லிவிட்டு ஏற்றுமதி வரி கட்டு, காப்பீடு கட்டு, துபாய் சரக்ககத்தில் நிற்கிறது, தினப்படி வாடகை கட்டு என்று மாதக்கணக்கில் கறந்திருக்கிறார்கள். ஒருவரிடம் கிம்பர்லி சான்றிதழ் வேறு காட்டியிருக்கிறார்கள், முத்திரையெல்லாம் அழகாக. கிம்பர்லி சான்றிதழ் பட்டை தீட்டாத வைரத்துக்கு உள்ளது. தங்கத்துக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. யார் அதைத் தங்கத்தோடு காட்டினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். தனி ஆளுக்கு ஒரு டாலர்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். வரி, காப்பீடு, விமானக் கூலி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது முன்பணம்தான். உண்மையான விற்பனையாளர் வரும் பணத்தில் கழித்துக்கொள்வார். விற்கிறவர் வாரியத்தின் பெயரைச் சொன்னால், அவர் கொடுக்கும் தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, வாரியத்தை நீங்களே நேரடியாகத் தொடர்புகொண்டு அந்த உரிமம் நிஜமா என்று கேளுங்கள். விமானச் சரக்குச் சீட்டு அனுப்பினால் அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். எமிரேட்ஸ் சரக்கு என்றால் 176 என்று தொடங்கும், மொத்தம் 11 இலக்கம். விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருப்பது மட்டும் போதாது. வேறு யாருடைய துணி மூட்டைக்கான எண்ணையும் எழுதிக் கொடுப்பார்கள். எடையும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

சோதனையை விற்கிறவர் சொல்லும் இடத்தில் செய்யாதீர்கள். மிஷின் காட்டும் எண்ணை மட்டும் வைத்துப் பணம் பேசாதீர்கள். கட்டியை முழுக்க உருக்கி, உருகியதிலிருந்து மாதிரி எடுத்து, ஈயத்தோடு புடம் போட்டுப் பார்த்து வரும் மாற்றுதான் மாற்று. பொடியாக வந்தால் மணலும் ஈரமும் போக எடை குறையும், அதையும் உருக்கிய பிறகே கணக்குப் பார்க்க வேண்டும். கட்டி ஆறும் வரை அதைவிட்டு நகராதீர்கள். தொலைபேசி வந்தாலும் நகராதீர்கள், டீ கொடுத்தாலும் அங்கேயே நின்று குடியுங்கள்.

கையில் கட்டி வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர் யாராவது இருந்தால், பதறாதீர்கள். வீட்டிலேயே தண்ணீரில் முக்கிப் பாருங்கள். எடையை, ஏறிய தண்ணீரின் அளவால் வகுங்கள். கிராமும் மில்லியும் போதும். சுத்தத் தங்கம் என்றால் 19.3 வரும். 93 மாற்று என்றால் 17, 18 பக்கம். 8, 9 என்று வந்தால் அது பித்தளையோ செம்போதான். 17, 18 வந்துவிட்டது என்று உடனே நிம்மதியாகிவிடவும் வேண்டாம். டங்ஸ்டன் என்ற உலோகமும் தங்கத்தின் கனம் கொண்டதுதான். வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்ட விற்கிறவர் சம்மதிக்கவில்லையா, அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள். ஏமாற்றியவர்கள் உங்கள் வெட்கத்தை நம்பித்தான் அடுத்த ஆளிடம் போகிறார்கள். பணம் அனுப்பிய வங்கிக்கு அன்றே சொல்லுங்கள். கானாவில் காவல்துறையும் இருக்கிறது, பொருளாதாரக் குற்றங்களை விசாரிக்கும் தனி அமைப்பும் இருக்கிறது. எழுத்தில் புகார் கொடுங்கள். இந்தியாவிலிருந்து ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள்.

அப்புறம் ஒரு அழைப்பு வரும். "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், வழக்கறிஞர் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று அக்ராவிலிருந்து மிகவும் மரியாதையாக ஒருவர் பேசுவார். உங்கள் பெயர், தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்வார். உங்களை ஏமாற்றியவர்களைத் தவிர வேறு யாருக்கு அந்த விவரம் தெரியும்? திருச்செங்கோட்டுக்காரருக்கு அந்த அழைப்பு ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. நல்ல வேளை, பணம் அனுப்புவதற்கு முன் என்னிடம் கேட்டார்.