விலாவிலிருந்து ஒரு காது

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் உறவுக்காரப் பையனுக்கு மொட்டையடித்துக் காது குத்தினார்கள். இடது காது முடிந்து வலது பக்கம் திரும்பிய ஆசாரி அப்படியே நின்றுவிட்டார். அங்கே மடல் இல்லை, வேர்க்கடலை அளவுக்குச் சுருண்ட சதை மட்டும். "கிரகணத்துல வெளிய வந்திருப்பா" என்று ஒரு பாட்டி ஆரம்பிக்க, அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. கிரகணம் பாவம், அதற்கு இதில் ஒரு பங்கும் இல்லை. கரு ஐந்தாறு வாரமாக இருக்கும்போது ஆறு சின்ன மேடுகள் வளர்ந்து ஒன்றோடொன்று கூடித்தான் காது மடல் உருவாகிறது, அது நடுவில் தடைப்பட்டால் இப்படி ஆகும். டாக்டர்கள் மைக்ரோஷியா என்பார்கள். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும், அதிலும் வலது பக்கம் அதிகம்.

புது மடல் வைத்தால் காது கேட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்காது. பலருக்குக் காதுத் துளையே மூடியிருக்கும். ஆனால் உள்காது தனியாக வளர்வதால் அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், எலும்பு வழியாக ஒலியை அனுப்பும் கருவியைத் தலைப்பட்டையில் மாட்டினால் குழந்தைக்குக் கேட்கும். இதற்கு ஆபரேஷன் வரை காத்திருக்கக் கூடாது.

சரி, மடலை எதில் செய்வது? நெஞ்சில், விலா எலும்பு முன்பக்கம் முடிகிற இடத்தில் இருக்கும் குருத்தெலும்பில். 1959-இல் அமெரிக்க சர்ஜன் ராட்ஃபர்ட் டான்சர் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் அடித்தளம், அதை பர்ட் பிரென்ட், ஜப்பானின் நகாட்டா போன்றவர்கள் செம்மைப்படுத்தினார்கள். நகாட்டா பத்து வயதும் 60 செ.மீ. மார்புச் சுற்றளவும் வரும்வரை காத்திருப்பார், அதற்கு முன்னால் வெட்டினால் சரக்கு பத்தாது.

எம்.சி. ரோட்டு டெய்லர் அளவுச் சட்டையை வைத்து வெட்டுகிற மாதிரி, நல்ல காதின் மேல் ஒரு பிலிமை வைத்து வரைந்து, அதைத் திருப்பிப் போட்டால் இல்லாத காதின் அளவு கிடைத்துவிடும். ஆறாவது, ஏழாவது விலாக் குருத்துகள் ஒட்டியிருக்கும் பகுதி அடிப்பலகை. எட்டாவது நீளமாக, மெல்லியதாக இருப்பதால் அதை வளைத்து வெளி விளிம்பு. கத்தியால் பள்ளம் மேடு செதுக்கி, மெல்லிய கம்பியால் கட்டுவார்கள். கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் காய்கறியில் செதுக்கிப் பழகுவதும் உண்டு!

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம்தான். காது இருக்க வேண்டிய இடத்துத் தோலைப் பை மாதிரி பிரித்து, செதுக்கியதை உள்ளே நுழைத்தால் வெறும் புடைப்பாகத்தான் தெரியும். ஒரு சின்னக் குழாய் வைத்துக் காற்றை உறிஞ்சினால், தோல் பள்ளங்களில் போய்ப் படிந்து, மேசையிலேயே ஒரு காது எழுந்து வரும். குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக் குழாய் கிடையாது, ஒட்டியிருக்கும் தோல்தான் அதற்குச் சோறு போடுகிறது. இடையில் ரத்தம் தேங்கினால் கெட்டது. இதே சங்கதியை ராயபுரம் பக்கத்து பழைய பாக்ஸர்களின் காதில் பார்க்கலாம்: அடிபட்டு, குருத்துக்கும் அதைப் போர்த்திய சவ்வுக்கும் நடுவே கட்டிய ரத்தத்தை உடனே எடுக்காமல் விட்டால், அது இறுகி மடல் முழுக்கக் கட்டியாகிவிடும். அதனால் உறிஞ்சு குழாய் சில நாள் அப்படியே இருக்கும்.

சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷனில் மடலைத் தலையிலிருந்து தூக்கி, பின்னால் தோல் ஒட்டுவார்கள். கண்ணாடி மாட்ட இந்த இடைவெளி வேண்டும். விலாவைத் தொடாமல் பாலிஎத்திலீன் சட்டம் வைக்கும் முறையும் இருக்கிறது, சின்ன வயதிலேயே செய்யலாம். ஆனால் பந்து பட்டு மேல் தோல் கிழிந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வெளியே தெரிந்துவிடும், தானாக ஆறாது. தெருவில் கிரிக்கெட் ஆடும் பையனுக்கு, என்னைக் கேட்டால், விலாதான்.

அந்த வேர்க்கடலைச் சதையும் வீணாவதில்லை. அதன் கீழ்ப்பகுதியைத் திருப்பி இறக்கித்தான் காது சோணை செய்கிறார்கள். ஆசாரி நிறுத்திய இடம் அதுதான்.