மோயாறு பவானிக்குக் கிளையா, துணையா?

போன வாரம் என் துணைப்பாட வகுப்பில், உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி கருத்தறிதல் பகுதியைப் படித்துவிட்டு அதற்கு ஒரு வரைபடம் போட்டாள். நீலகிரி மலை, பக்கத்தில் பவானி ஆறு. பவானியிலிருந்து மேற்கே காட்டுக்குள் ஏறிப் போகும் ஒரு நீலக்கோடு. கோட்டின் நுனியில் அம்புக்குறி. மேலே 'மோயாறு' என்று அழகான கையெழுத்து. ஆறு மலையேறிக்கொண்டிருந்தது.

ஏனம்மா இப்படி என்று கேட்டேன். பகுதியில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்: 'பவானியின் கிளையாறான மோயாறு.' "கிளைன்னா பிரிஞ்சு போறதுதானே டீச்சர்?"

அவளுக்குத் தமிழ் சரியாகப் புரிந்திருக்கிறது. எழுதியவருக்குத்தான் புரியவில்லை. பயிற்சித்தாளில், துண்டுப் பிரசுரத்தில், ஆவணப்படத்தின் அடிவரியில் என்று இந்தக் 'கிளையாறு' இடம் மாறி வந்து நிற்பதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். இந்த முறை ஒரு பிள்ளையின் அம்புக்குறியையே திருப்பிவிட்டது.

மோயாறுபோல் இன்னோர் ஆற்றில் வந்து சேரும் ஆற்றுக்கு ஆங்கிலத்தில் ட்ரிபியூட்டரி என்று பெயர். லத்தீன் வேர், பொருள் திறை, கப்பம். பேரரசனுக்குத் திறை கட்டும் சிற்றரசனைக் குறித்த சொல், பிறகு தன் நீரைப் பெரிய ஆற்றில் கொண்டுவந்து கொட்டும் ஆற்றுக்கும் ஆனது. பெரிய ஆற்றிலிருந்து பங்கு வாங்கிக்கொண்டு பிரிந்து போவது டிஸ்ட்ரிபியூட்டரி. வந்து சேர்வது துணையாறு, பிரிந்து போவது கிளையாறு. தமிழ்நாட்டுப் புவியியல் பாடநூல்களும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கின்றன.

மோயாற்றின் கதையைப் பார்த்தாலே எது பொருந்தும் என்று தெரிந்துவிடும். நீலகிரியின் மேல்மட்டத்திலிருந்து இறங்கும் பைக்காரா ஆற்றின் நீர் அதற்கு வருகிறது. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஓடி, நீலகிரியையும் மைசூர்ப் பீடபூமியையும் பிரிக்கும் ஆழமான பள்ளத்தாக்கில் விழுகிறது. அங்கே கரையோர நீர்மத்தி மரங்களில் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. தெங்குமரஹாடா ஊர்க்காரர்கள் பரிசலில் ஆற்றைக் கடந்துதான் வெளியே வரவேண்டும். இத்தனை காட்டையும் கடந்து வந்து, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு சேர்கிறது. அதுவரை பவானியிடமிருந்து அது ஒரு சொட்டுக்கூட வாங்கியதில்லை. அதைப் போய் எப்படிப் பவானியின் கிளை என்பது?

மொழிபெயர்ப்பு வேலை செய்யும் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் விடவில்லை. "அக்கா, வரைபடத்துல பாருங்க, மரமும் கிளையும் மாதிரியே இருக்கே" என்றாள். வரைபடத்தில் அப்படித்தான் தெரியும், ஏனென்றால் வரைபடத்தில் நீர் ஓடாது. மரம் அடியிலிருந்து கிளைக்கு வளர்கிறது. ஆறோ மலையிலிருந்து கடலுக்குப் போகிறது. மரம்தான் வேண்டும் என்றால், பல பக்கமிருந்து நீரை இழுத்து ஓரிடத்தில் சேர்க்கும் வேரைச் சொல்லலாம்.

"சீனத்துல ட்ஸீலியூ. அதுவும் கிளை ஓட்டம்தானே?" என்றாள் அடுத்து. உண்மைதான். மலாயில் அனாக் சுங்கை, ஆற்றின் பிள்ளை. சிங்கப்பூரில் காலாங் ஆற்றில் வந்து சேரும் வாம்போ ஆற்றை மலாய்க்காரர் பிள்ளை என்பார், சீனர் கிளை என்பார். அவரவர் மொழியில் அது அவரவர் வழக்கம். நம்மிடம் கிளை என்ற சொல்லுக்கு ஏற்கனவே வேலை இருக்கிறது. முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரிகிறதே கொள்ளிடம், அது கிளை. வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி எல்லாம் கிளைகள். மோயாற்றுக்கும் அதே பெயரைக் கொடுத்தால் அரசலாற்றை என்னவென்று அழைப்பது? 'கிளையாறுகளில் வெள்ளம்' என்று ஒரு செய்தி வந்தால், தண்ணீர் காவிரிக்கு வருகிறதா, காவிரியிலிருந்து வடிகிறதா? டெல்டாவில் வயல் வைத்திருப்பவருக்கு இது சொல்லாராய்ச்சி இல்லை.

இன்னொரு பக்கம் உபநதி. வயதில் மூத்தவர்கள் இன்னும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 'உப', 'நதி' இரண்டுமே வடசொல். தமிழில் நல்ல சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அது வேண்டாம் என்பது என் கட்சி. ஆனாலும் உபநதியைப் படித்து யாரும் அம்பைத் திருப்பிப் போடமாட்டார்கள். தூய தமிழில் இருக்கும் கிளையாறுதான் இந்த இடத்தில் அதிகக் கேடு செய்கிறது. தமிழ்ச் சொல்லாக இருந்தால் போதும், பொருள் எப்படிப் போனால் என்ன என்ற நினைப்பை நான் ஏற்கமாட்டேன்.

'துணை'யிலும் திசை இல்லையே, துணைப் பிரதமர் என்பதுபோல் அடுத்த நிலையைத்தானே காட்டுகிறது என்று கேட்கலாம். வழித்துணை என்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். கூட வருபவர்தான் துணை. பாதியில் பிரிந்து போகிறவரை யாரும் துணை என்று சொல்வதில்லை. மக்களும் ஆறு 'சேருது', 'கூடுது' என்றுதான் பேசுகிறார்கள். பவானி காவிரியைச் சந்திக்கும் இடத்துக்குக் கூடுதுறை என்று பெயர் வைத்தது எந்தக் கலைச்சொல் குழுவும் அல்ல.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் அந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு தடவை பார்த்தால் போதும். பார்ப்பதில்லை. ஆறு கடலில் கலக்கும் இடத்தை 'ஆற்றின் வாய்' என்று எழுதியதையும் படித்திருக்கிறேன். கழிமுகம், முகத்துவாரம் என்று வழக்கில் சொற்கள் உண்டு. அதற்கும் முன்னால் புகார் இருந்தது. காவிரி கடலில் புகும் இடத்து ஊருக்கே அதுதான் பெயர்.

மாணவி அழிப்பானை எடுத்து அம்புக்குறியை அழித்தாள். மலையிலிருந்து கீழ்நோக்கிப் புதிதாகப் போட்டாள். பிறகு தாளின் வலது ஓரம்வரை காவிரியை நீட்டி, திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கோட்டைப் பிரித்து, "இது கொள்ளிடம். இதுக்கு மட்டும் அம்பு வெளியே போகணும், இல்ல டீச்சர்?" என்றாள்.