டூப், அத்தர், போலி: ஒரு வாசனைக் குப்பிக்கு எது சரியான பெயர்?

விரல் நீளக் குப்பி, வாயில் உருளும் ஒரு சின்னக் குண்டு, மேலே ஒட்டிய சீட்டில் ‘அவென்டஸ் டைப்’ என்று எழுதியிருக்கும். கிரீட் என்ற வாசனைத் திரவிய நிறுவனம் 2010இல் கொண்டுவந்த அவென்டஸ் அல்ல அது, அதன் மணத்தைப் பார்த்து வேறொருவர் எண்ணெயாகச் செய்து விற்பது. இணையத்தில் இதை டூப் என்கிறார்கள், சிலர் அத்தர் என்கிறார்கள், கோபக்காரர்கள் போலி என்கிறார்கள். மூன்று பெயருமே எங்கேயோ இடறுகின்றன.

முதலில் டூப். டூப்ளிகேட் என்பதன் சுருக்கம். அதன் இலத்தீன் வேர் இரண்டாக மடிப்பதைக் குறிக்கும். நம் ‘இருமடி’யிலும் இருப்பது அதே போன்ற மடிப்புதான். ஆனால் ஆங்கிலத்தில் இதே ஒலியில் இன்னொரு டூப் உண்டு, ஏமாந்தவன், ஏமாற்றுவது என்ற பொருளில். அது பிரெஞ்சு வழியாக வந்தது, கொண்டலாத்திப் பறவையின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து பிறந்தது என்று அகராதிகள் சொல்கின்றன, அந்தப் பறவையை அங்கே மந்தமானது என்று நினைத்திருக்கிறார்கள். தமிழில் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கலந்துகிடக்கின்றன. சண்டைக் காட்சியில் நாயகனுக்குப் பதிலாகக் குதிப்பவர் டூப், ‘சும்மா டூப் விடாதே’ என்றால் பொய் சொல்லாதே என்று பொருள். ஆகவே குப்பியை டூப் என்றதும் பாதிப் பேருக்கு ‘மாற்று’ என்று கேட்கிறது, மீதிப் பேருக்குப் ‘பொய்’ என்று கேட்கிறது.

என்ன பெயரிட்டால் என்ன என்று விடவும் முடியாது, ஏனென்றால் இந்தத் தொழிலில் வழக்கே சொல்லை வைத்துத்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் தன் ‘செகண்ட் சான்ஸ்’ திரவியம் ஷனெல் நம்பர் 5ஐ அப்படியே ஒத்தது என்று விளம்பரம் செய்தார்; வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய், காப்புரிமை இல்லாத ஒரு பொருளைப் பின்பற்றிச் செய்தவர் எதைப் பின்பற்றினார் என்பதை உண்மையாகச் சொல்வதற்கு அசலின் பெயரைப் பயன்படுத்தலாம் என்று 1968இல் முடிவானது. ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல், பெல்லூர் நிறுவனத்தின் மீது லோரியால் நிறுவனம் தொடுத்த வழக்கில் வேறு பக்கம் நின்றது: இது இன்னதன் நகல் என்று ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு விற்பது அசலின் புகழில் முறையில்லாமல் ஆதாயம் தேடுவது என்றது.

அத்தர் என்பதோ வேறு பொருள், வேறு கைத்தொழில். அரபியில் இத்ர் என்றால் நறுமணம், அத்தார் என்றால் அதை விற்பவர். பாரசீகக் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தாரின் பெயரில் இருப்பது அந்தத் தொழில்தான். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் இன்றும் செப்புக் கொப்பரையில் பூவும் நீரும் போட்டுக் காய்ச்சி, மூங்கில் குழாய் வழியே வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். ரோஜா அத்தர் ரோஜாவிலிருந்து வருகிறது. நம் ‘டைப்’ குப்பியில் இருப்பது பெரும்பாலும் ஆய்வகத்தில் செய்த மண மூலக்கூறுகளின் கலவை. அது மட்டமானது என்று நான் சொல்லவில்லை, அசல் டிசைனர் திரவியங்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அத்தர் என்ற பெயரை இதற்குக் கொடுத்துவிட்டால் கொப்பரை வைத்துக் காய்ச்சுகிறவருக்குப் பெயர் இல்லாமல் போகும்.

போலிதான் எனக்கு மிகவும் பிடித்த சொல், அதனாலேயே அதன் இன்றைய கதி வருத்தமாக இருக்கிறது. ‘போல்’ என்ற வேரிலிருந்து வந்தது. இலக்கணத்தில் நிலம் நிலன் ஆவதும் பந்தல் பந்தர் ஆவதும் போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது, அதில் ஏமாற்று எதுவும் கிடையாது. குப்பி மாறி மணம் மாறாத ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? ஆனால் போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்று பழகிய காதுக்கு இனி அந்த இலக்கணப் பொருள் கேட்காது. அசலின் பெயரையும் பெட்டியையும் தனதென்று ஒட்டிக்கொண்டு வருவதற்கே அதை விட்டுவிடலாம்.

நகல் அரபியிலிருந்து வந்த சொல், அதற்குத் தமிழ் ‘படி’. ஆனால் படி என்றால் வரிக்கு வரி ஒத்திருக்க வேண்டும். மணத்தில் அது நடப்பதில்லை. ஜிசி-எம்எஸ் கருவி ஒரு துளியிலுள்ள மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டிவிடும், ஆனாலும் ஓர் இயற்கை எண்ணெயிலேயே நூற்றுக்கணக்கில் சேர்மங்கள் இருக்கும், சில மூலக்கூறுகளைச் செய்த நிறுவனம் வெளியே விற்பதே இல்லை. ஒருமுறை இடது மணிக்கட்டில் அசல் அவென்டஸ், வலது மணிக்கட்டில் எண்ணெய் என்று தடவிப் பார்த்தேன். இடது கையில் அன்னாசி வாசம் சட்டென்று எழுந்தது, ஆல்கஹால் பறக்கும்போது மேல் மணத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. வலது கையில் அந்த முதல் வீச்சு இல்லை, தோலோடு ஒட்டி, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரிந்தது. மூன்று மணி நேரம் கழித்து இரண்டிலும் அந்தப் புகைந்த மர வாசம் மட்டும் மிஞ்சியபோது எந்தக் கை எது என்று தடுமாறினேன்.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. சிரிப்பில் பாட்டி சாயல், நடையில் அப்பா சாயல் என்று சொல்கிறோமே, அதுதான். சாயல் உள்ள பிள்ளையை யாரும் பாட்டியின் படி என்றும் சொல்வதில்லை, போலி என்றும் சொல்வதில்லை. தொல்காப்பியம் ‘சாயல் மென்மை’ என்று பொருள் சொல்கிறது, ஆல்கஹாலின் வீச்சில்லாமல் தோலோடு கிடக்கும் எண்ணெய்க்கு அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

அப்புறம் எண்ணெயா, தைலமா? எள் + நெய் எண்ணெய். வடமொழியில் எள்ளுக்குத் திலம், அதிலிருந்து தைலம். இரண்டுமே எள்ளிலிருந்து கிளம்பி எல்லா எண்ணெய்க்கும் பொதுவானவை. சரி, ‘நறுமண எண்ணெய்’ என்று ஏற்கெனவே செடிகளிலிருந்து வடிப்பதைச் சொல்லிவருகிறோம், குழப்பம் வேண்டாம் என்று நான் மணத்தைலம் பக்கம் நிற்கிறேன். முழுப் பெயர் சாயல் மணத்தைலம். பேச்சில் அவ்வளவு நீளம் தேவையில்லை. ‘இது எதன் சாயல்?’ என்று கேட்கலாம், சீட்டில் ‘டைப்’ இருந்த இடத்தில் ‘அவென்டஸ் சாயல்’ என்று எழுதலாம்.