‘திரிபுக் காயம்’ அல்ல, தொடருளைவு

ஓயாத வேலையால் கைகாலில் வரும் நோவுக்கு ஆங்கிலத்தில் ‘ரெபெட்டிடிவ் ஸ்ட்ரெய்ன் இஞ்சுரி’ என்று பெயர். அதற்கு ‘மீண்டும் மீண்டும் திரிபுக் காயம்’ என்று போடும் வழக்கம் தமிழில் வேர்பிடித்துவிடும் போலிருக்கிறது. தட்டச்சு பற்றிய குறிப்பில் வந்தால் படிப்பவர் எப்படியோ ஊகித்துக்கொள்வார். ரயில் ஓட்டுநர் அறை பற்றிய குறிப்பில் வந்தால், திரிபு தண்டவாளத்துக்கா, காயம் ஓட்டுநருக்கா என்றே குழம்புவார்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்ட்ரெய்ன், இறுக்கி இழுத்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. இஞ்சுரி என்பதன் வேர்ப்பொருள் முறையற்றது, அநீதி. உடலுக்கு வரும் கேடு என்ற பொருள் பிறகு ஏறியது. நோய் பெயரைவிடப் பழையது. ஓயாமல் எழுதும் எழுத்தர்களின் கைநோவை இத்தாலிய மருத்துவர் ரமாட்சினி தம் நூலின் 1713 பதிப்பில் விவரித்துவிட்டார். தந்தி அடிப்பவர்களின் கைப்பிடிப்பை 1908இல் பிரிட்டன் இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. இன்றைய பெயர் பரவலாக அடிபட்டது 1980களின் ஆஸ்திரேலியாவில்.

இனி அந்தத் தமிழாக்கத்துக்கு வருவோம். அதன் மூன்று உறுப்புகளுமே தவறு.

‘திரிபு’ இயற்பியல் பாடநூலின் சொல். கம்பியை இழுத்தால் அதன் நீளம் எந்த விகிதத்தில் மாறுகிறது என்பது திரிபு. ஓட்டுநரின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், யாரும் அளக்கும் கம்பியல்ல. அகராதியில் ஸ்ட்ரெய்னுக்கு நேரே முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது. இலங்கைப் பாடநூல்களில் இதே அளவுக்கு ‘விகாரம்’ என்று பெயர். அதை எடுத்து ஒட்டினால் கிடைப்பது ‘விகாரக் காயம்’. அந்த விபரீதத்தை விளக்கவே வேண்டாம்.

‘காயம்’ என்றதும் தோல் கிழிய வேண்டும், ரத்தம் வர வேண்டும், குறைந்தது வீங்கவாவது வேண்டும். எப்போது பட்டது என்று சொல்லவும் முடிய வேண்டும். இந்த நோவுக்கோ அப்படி ஒரு நாளும் கிடையாது, நேரமும் கிடையாது. மணிக்கட்டு வளைந்த நிலையில் தசைநாண் தன் உறைக்குள் உரசிக்கொண்டே இருக்கிறது, உறை தடிக்கிறது, கட்டைவிரல் பக்கம் வலி தொடங்குகிறது. மணிக்கட்டுக் குகையில், அதாவது நரம்பும் தசைநாண்களும் உள்ளங்கைக்குப் போகும் குறுகிய வழியில், நடு நரம்பு நெரிபட்டால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிக்கும். ‘காயம் எங்கே, காட்டு’ என்று கேட்கும் மேலதிகாரிக்குக் காட்ட எதுவும் இருக்காது. பெயரே அவர் கட்சிக்கு வாதாடினால் எப்படி?

‘மீண்டும் மீண்டும்’ என்பதுதான் மூன்றிலும் மோசம். முதலில் இலக்கணம்: திரும்பத் திரும்ப நடப்பது வேலை, இத்தமிழாக்கத்திலோ காயம் திரும்பத் திரும்பப் படுவதாக வருகிறது. இரண்டாவது, ரயில் அறையில் பாதித் தொல்லை திரும்பச் செய்வதால் வருவதே இல்லை, விடாமல் பிடித்திருப்பதால் வருகிறது. ஓட்டுநர் நினைவிழந்தால் வண்டி தானே நிற்பதற்காக வைத்த கைப்பிடியைச் சில வண்டிகளில் அமுக்கியோ திருகியோ பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலவற்றில் காலால் மிதிகட்டையை அழுத்தியே வைத்திருக்க வேண்டும். சுருங்கிய தசை விரியாவிட்டால் அதற்குள் ரத்த ஓட்டம் குறையும், கழிவு தேங்கும். அசையாமல் இருப்பதுதான் அங்கே சுமை.

இது சின்ன விஷயமல்ல. சிட்னிக்குத் தெற்கே வாட்டர்ஃபால் அருகே 2003 ஜனவரி 31 அன்று, 60 கி.மீ. வேகத்துக்கான வளைவில் டங்காரா வகைப் பயணிகள் ரயில் ஒன்று ஏறத்தாழ 117 கி.மீ. வேகத்தில் நுழைந்து தடம்புரண்டது. ஓட்டுநருக்கு மாரடைப்பு. மிதிகட்டையோ வண்டியை நிறுத்தவில்லை. உணர்விழந்தவரின் கால் எடையே அதை அழுத்தி வைக்கப் போதுமானதாக இருந்தது. ஓட்டுநர் உட்பட 7 பேர் இறந்தனர். விசாரணையில் வேறு சில டங்காரா வண்டிகளின் மிதிகட்டை அருகே தேய்த்த தடங்கள் தெரிந்தன. கால் வைக்கும் இடத்தின் அமைப்பு சரியில்லாததால் கால் மரத்துப் பிடித்துக்கொள்ள, சில ஓட்டுநர்கள் சிவப்புக் கொடியின் கம்பைச் செருகி மிதிகட்டையை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கால்நோவில் ‘மீண்டும் மீண்டும்’ எங்கே இருக்கிறது?

இந்திய ரயில் எஞ்சின்களில் கதை நேர்மாறு. விழிப்புக் கண்காணிப்புக் கருவி இருக்கும் எஞ்சினில் லோகோ பைலட் (அங்கே ஓட்டுநருக்குப் பெயர் அதுதான்) 60 விநாடி எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாவிட்டால் விளக்கு மின்னும், 8 விநாடியில் ஒலி எழும், மேலும் 8 விநாடியில் பிரேக் தானே விழும். ஆரன், பிரேக், இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் நாட்ச் எதைத் தொட்டாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எதுவும் செய்ய வேண்டியிராத நீண்ட ஓட்டத்தில் அந்தக் கருவியின் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டியதுதான். இது மீள்செயல். பிடித்திருப்பது, திரும்பச் செய்வது இரண்டையும் தாங்கும் சொல்தான் நமக்கு வேண்டும்.

‘மீள்செயல் உபாதை’ என்று சொல்லலாம் என்பார் உண்டு. உபாதை இலங்கையில் விளையாட்டுச் செய்தியின் அன்றாடச் சொல். காயத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். தமிழ்நாட்டிலோ அது இயற்கை உபாதையாகி ஒதுங்கிவிட்டது. மீள்செயல் என்பதிலும் பாதி நோவுதான் அடங்கும்.

என் வாக்கு ‘தொடருளைவு’க்கு. உளைதல் என்றால் ஓய்வில்லாமல் உழைத்த உறுப்பு உள்ளுக்குள் நோவது. ‘நாள் முழுக்க நின்னதுல கால் உளையுது’ என்பதற்கு விளக்கம் கேட்பார் இல்லை. வெட்டு, அடி, சுளுக்கு எதற்கும் இந்தச் சொல் வராது. கைகாலைப் பொறுத்தவரை ஓயாத வேலையின் வலிக்கே வரும். உளைச்சல் என்றால் மன உளைச்சல் அல்லவா என்று கேட்பவர்களுக்கு: உடலிலிருந்துதான் அது மனத்துக்குப் போனது. வயிற்றுளைச்சல் இன்னும் இருக்கிறது. ‘தொடர்’ என்பது விடாமல் பிடித்ததையும் அடுத்தடுத்துச் செய்ததையும் சேர்த்தே குறிக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இது பல நோவுகளைச் சேர்த்துக் குறிக்கும் குடைப்பெயர். மருத்துவச் சான்றில் எந்தத் தசைநாண், எந்த நரம்பு என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வேலையையும் கருவியையும் உடலுக்கு ஏற்ப அமைக்கும் துறையான எர்கோனாமிக்ஸுக்கு ‘பணிச்சூழலியல்’ என்பதும் எனக்கு உறுத்தல்தான். மூலத்தில் இருப்பவை உழைப்பு, நியதி என்ற இரண்டே கிரேக்கச் சொற்கள், சூழல் இல்லை. சூழலியலை ஏற்கெனவே காட்டுக்கும் ஆற்றுக்கும் கொடுத்துவிட்டோம். பணிச்சூழல் என்றால் ஏ.சி.யும் வெளிச்சமும் நினைவுக்கு வருகின்றனவே தவிர, இருக்கையின் உயரம் வரவில்லை. முழங்கை உடலோடு ஒட்டி இருக்கிறதா, மணிக்கட்டு நேராக இருக்கிறதா, குட்டையான ஓட்டுநருக்கும் முன்சாயாமல் கைப்பிடி எட்டுகிறதா என்பதுதான் இத்துறையின் கேள்வி. ‘பணிப்பொருத்தவியல்’ என்றால் இது விளங்கும்.

அப்புறம் அந்த ‘பிரேக்’. நிறுத்துவதற்கும் இளைப்பாறுவதற்கும் தமிழ் எழுத்தில் ஒரே வடிவம். ‘ஓட்டுநர்கள் அடிக்கடி பிரேக் எடுத்தால் கைவலி குறையும்’ என்று ரயில்காரர்களுக்கான குறிப்பில் எழுதுகிறவர், அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கலாம். இடையோய்வு என்று எழுதினால் ஐந்தே எழுத்துதான்.