செத்தது எது, பிழைத்தது எது?

நேற்று ராத்திரி வரை கடல்நீர்த் தொட்டியில் நன்றாக இரை எடுத்த மீன்கள் காலையில் எழுந்து பார்த்தால் செத்து மணலில் கிடக்கின்றன. உடனே கடைக்கு போன் போட்டு, என்ன மருந்து ஊற்றலாம் என்று அண்ணாச்சியிடம் கேட்கிறோம். அவர் ஒன்றைச் சொல்வார், நாமும் ஊற்றுவோம், சாயங்காலத்துக்குள் மிச்சமிருந்ததும் போய்விடும். தயவுசெய்து முதல் பத்து நிமிடம் எதையும் ஊற்றாதீர்கள். ஏர் பம்பை மட்டும் முழு வேகத்தில் வைத்துவிட்டு, செத்தது எது, பிழைத்தது எது, என்ன நேரத்தில் போனது என்று தொட்டி முன்னால் உட்கார்ந்து பாருங்கள். கடல்நீர்த் தொட்டியில் மீனோடு இறாலும் நத்தையும் நண்டும் இருப்பதால், ஒவ்வொரு விஷமும் ஒவ்வொரு உயிரை முதலில் எடுக்கிறது. காரணத்தில் பாதியை அந்த வரிசையே சொல்லிவிடும்.

முதலில் இறாலைப் பாருங்கள். இறால் மல்லாந்து கிடந்து கால்களை மட்டும் உதறிக்கொண்டிருக்கிறது, மீன்கள் வெட்டி வெட்டி ஓடி கண்ணாடியில் முட்டுகின்றன என்றால் பூச்சிமருந்து உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் ராத்திரி ஜன்னலைச் சாத்தி கொசு லிக்விடைப் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். அதில் இருக்கும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின், பிராலெத்ரின் போன்றவை பைரித்ராய்டு வகை. நரம்பு வழியாகச் செய்தி ஓடச் சின்னச் சின்னச் சோடியம் கதவுகள் திறந்து மூட வேண்டும். இந்த மருந்து அவற்றை மூட விடாமல் பிடித்துக்கொள்கிறது. மனித உடல் இதைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். மீனுக்கு அந்த வேகம் கிடையாது, இறாலைக் கொல்லவோ அதைவிடக் குறைந்த அளவே போதும். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் கொசு லிக்விட் மாட்டியிருந்த பிளக்கும் ஏர் பம்ப்பும் ஒரே போர்டில் இருந்தன. பம்ப் ராத்திரி முழுக்க அந்தக் காற்றைத்தான் இழுத்துக் குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் தள்ளியிருக்கிறது. இப்படி நடந்தால் பாதித் தண்ணீரை மாற்றி, விஷத்தை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாகப் பையில் கட்டி ஃபில்டருக்குள் போட வேண்டும், பம்ப்பை வேறு அறைக் காற்றை இழுக்கும்படி வைக்க வேண்டும்.

இறாலும் நத்தையும் போய் மீன்கள் தெளிவாக இருந்தால் தாமிரத்தைச் சந்தேகப்படுங்கள். பழைய மீன் மருந்திலோ, மோட்டாரின் பித்தளைப் பாகத்திலோ இருந்து அது வந்திருக்கலாம்.

விடியற்காலையில் பெரிய மீன், அதுவும் ஓயாமல் நீந்துகிற சர்ஜன் மீன் போன்றவை முதலில் செத்து, சின்ன டாம்சல் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றால் ஆக்சிஜன் பற்றாக்குறைதான். 25 டிகிரியில் நன்னீர் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும், கடல்நீருக்கோ 7 மில்லிகிராம்கூடக் கொள்ளாது. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தொடுகிறபோது தொட்டித் தண்ணீர் சாதாரணமாக 32க்கு வந்துவிடும், அப்போது அது இன்னும் குறைந்து 6 மில்லிகிராம் அளவுக்கு இறங்கும். சூட்டில் மீனுக்கு மூச்சும் கூடுதலாக வேண்டும். ராத்திரியில் பாசியும் ஆக்சிஜனைத் தின்னத் தொடங்கிவிடுவதால் விடிவதற்குச் சற்று முன்தான் அது மிகக் குறைவாக இருக்கும். தொட்டி மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். 100 லிட்டரில் 10 லிட்டர் போனால் ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்த உப்பு கிட்டத்தட்ட 39க்கு ஏறிவிடும், அதனால் குறைகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் போகும் நாளில் இன்னொரு ஆபத்து உண்டு. கேனிஸ்டர் ஃபில்டர் மூடிய டப்பா. கரண்ட் நின்றதும் உள்ளே இருக்கும் தண்ணீர் தேங்கி, அங்கே இருக்கும் பாக்டீரியாக்களே மிச்ச ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டுச் சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்தவுடன் அந்தக் கெட்ட நீர் மொத்தமும் ஒரே தள்ளாகத் தொட்டிக்குள் வந்துவிடும். பகலில் தப்பித்த மீன் கரண்ட் வந்தபிறகு சாவது பெரும்பாலும் இதனால்தான். நீண்ட நேரம் நின்றிருந்தால், ஆன் செய்வதற்கு முன் ஃபில்டரைத் திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டுங்கள்.

வாங்கி வந்த அன்றே செத்தால் அதற்குக் கதை வேறு. சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் மீன் பார்சல் வருகிறது என்று வையுங்கள். பை மூடியிருக்கும் நேரம் முழுக்க மீன் மூச்சுவிட்டு கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது, அதனால் தண்ணீரின் அமில, கார நிலையைச் சொல்லும் பி.எச். இறங்குகிறது. அதே நேரத்தில் செவுள் வழியாக அம்மோனியாவும் சேர்கிறது, ஆனால் பி.எச். குறைவாக இருக்கிறவரை அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற அதிகம் கெடுதல் செய்யாத வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடுகிறது, பி.எச். ஏறுகிறது, அம்மோனியம் விஷ அம்மோனியாவாக மாறத் தொடங்குகிறது. பி.எச். ஒரு அலகு ஏறினால் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். இந்த நிலையில் பையைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டுப் பழக்குவது, மீனை அதன் கழிவிலேயே வேக வைப்பது மாதிரி. தூரப் பயணம் வந்த மீனுக்குப் பையை மூடியபடியே மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, பைத் தண்ணீரில் இருக்கும் அதே அளவு உப்பில் தனியாக வைத்திருக்கும் தொட்டிக்கு உடனே மாற்றிவிடுவதே நல்லது. கடல்நீரின் பி.எச். இயல்பாகவே 8.2ஐ ஒட்டி இருப்பதால், புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளர்வதற்கு முன்பே நிறைய மீன் விட்டாலும் இதே கதிதான்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். தூத்துக்குடி பக்கத்தில்தானே இருக்கிறது என்று உப்பள உப்பைக் கரைத்து விடுகிறவர்கள் உண்டு. அது கடல்நீர் ஆகாது. பாத்தியில் நீர் வற்ற வற்றக் கால்சியம் ஜிப்சமாக முதலில் படிந்துவிடும், பிறகு சோடியம் குளோரைடு உப்பாக விளையும், மெக்னீசியம் மிச்சக் கழிவு நீரோடு போய்விடும். உவரியிலோ மணப்பாட்டிலோ கேனில் பிடித்து வருவதானால், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 பக்கம் காட்டுகிறதா என்று பார்த்து எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமிரபரணி கலக்கும் புன்னக்காயல் பக்கம் பிடிக்கவே வேண்டாம்.

இறால், நத்தை, நண்டு எல்லாம் சுகமாக இருக்க, மீன் மட்டும் இரண்டு மூன்று நாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் அது நோய். அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், உடம்பில் பொன்தூள் தூவின மாதிரி மினுங்கினால் வெல்வெட் எனப்படும் அமிலூடினியம் ஒட்டுண்ணி. பெரும்பாலும் அது தோலில் தெரிவதற்கு முன்பே செவுளை அடைத்திருக்கும். அதனால்தான் மீன், அலை எழுப்பும் மோட்டாரான வேவ்மேக்கரின் நீரோட்டத்துக்கு நேராக நின்று மூச்சு வாங்கும். மீனை விட்டு உதிர்ந்த ஒரே ஒட்டுண்ணி 256 குஞ்சுகள் வரை பிரியக்கூடியது. செத்ததை உடனே எடுத்துவிட்டு, உயிரோடு இருக்கும் எல்லா மீனையும் தனித் தொட்டிக்கு மாற்றி, டெஸ்ட் கிட்டில் தாமிர அளவைப் பார்த்துத் தாமிர மருந்து கொடுங்கள். பெரிய தொட்டியில் அதை ஊற்றினால் இறாலும் நத்தையும் போய்விடும், கல்லும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்தத் தொட்டி ஆறு வாரத்துக்குக் குறையாமல் மீன் இல்லாமல் ஓடட்டும், இறாலுக்கும் நண்டுக்கும் மட்டும் கொஞ்சம் தீனி போட்டு வாருங்கள்.